செங்கற்பட்டுச் சீமை வரலாறு: கலெக்டரின் குறிப்பும் காரணையின் சிலையும்

மிராசு உரிமை என்னும் பழைய ஏற்பாடு செங்கற்பட்டுச் சீமையின் ஏரிப்பாசன ஊர்களில் எவ்வாறு வேரூன்றி நின்றது என்பதையும், விளைநிலம் மட்டுமன்றித் தரிசும் சேரியின் குடியிருப்பு மனையுங்கூட மிராசுதார்களின் பங்குக் கணக்கிற்குள் அடங்கியிருந்ததையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்தக் கணக்கிற்கு வெளியே நின்று தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்களின் சந்ததியார், சர்க்காரே தம் முன்னோருக்கு எழுதிக்கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு, நூறு ஆண்டுகள் கழித்துத் தெருவில் இறங்கியபோது நேர்ந்ததை இப்பகுதியில் சொல்லவேண்டும். 1994-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் தேதி செங்கற்பட்டு நகரில் ஒலித்த துப்பாக்கிச் சத்தத்தை அந்த ஒரு நாளின் சம்பவமாக மட்டும் எழுதிவிட்டால், பத்திரிகைச் செய்திக்கும் வரலாற்றுக்கும் பேதம் இல்லாமற் போகும். ஆகையால் அந்தத் துப்பாக்கியை ஏந்திய ஸ்தாபனம் எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கும்பெனியார் ஆட்சியில் தாசில்தார் என்பவர் வரி தண்டுபவர். அவரே தம் தாலுக்காவின் போலீஸ் தலைவருமாவார். கிஸ்தியைக் கேட்கும் வாயும் பிரம்பை ஓங்கும் கையும் ஓர் உடலில் அமைந்திருந்தால் அந்தக் கிஸ்தி எவ்விதம் வசூலாகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. இரண்டு கட்டைகளுக்கிடையே குடியானவனின் விரல்களை வைத்து, அவன் தாங்கமாட்டாமல் அலறும்வரை இறுக்கும் ‘கிட்டி’ என்ற கருவி, ராஜதானியின் பல கச்சேரிகளில் வரிக்கணக்குப் புத்தகத்துக்குச் சமமாகப் புழங்கியது. கால் பெருவிரலைக் கயிற்றால் கழுத்தோடு பிணைத்து, குனிந்த முதுகின்மேல் கல்லை ஏற்றி, உச்சி வெயிலில் நிறுத்திவைப்பதும் உண்டு. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1852-இல் தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் இக்கொடுமைகளைப் பார்லிமெண்டின் செவிக்கு எட்டச் செய்தது. டான்பி செய்மோர் என்ற பார்லிமெண்டு உறுப்பினர் நேரில் வந்து பார்த்துப் போனார். அதன் பயனாக எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட விசாரணைக் கமிஷன் ஒன்று அமைந்தது. அதன்முன் ஏறக்குறைய இரண்டாயிரம் முறையீடுகள் வந்து குவிந்தன. சித்திரவதை உண்டு என்பதை 1855-இல் வெளியான அதன் அறிக்கை ஐயத்துக்கு இடமின்றி ஒப்புக்கொண்டது.

அந்த அறிக்கையின் விளைவாகவே வருவாய் இலாகாவிலிருந்து போலீஸைப் பிரித்து, தனித் தலைமையும் தனி உடையும் கொண்ட படையாக அமைக்கும் 1859-ஆம் ஆண்டின் சென்னை ஜில்லா போலீஸ் சட்டம் பிறந்தது. வில்லியம் ராபின்சன் அப்படையின் முதல் தலைவரானார். நம் நாட்டுப் போலீஸின் ஜாதகத்தில் இந்த ஒரு குறிப்பு எப்போதும் என் கவனத்தை ஈர்ப்பதுண்டு: குடிமக்களை அடக்குவதற்காக அல்ல, வரி கேட்பவனிடமிருந்து குடிமக்களைக் காப்பாற்றுவதற்காக என்று காரணம் சொல்லித் தோற்றுவிக்கப்பட்ட படை அது. காரணம் சொன்னவர்கள் முழு மனத்தோடு சொன்னார்களா என்பது வேறு விஷயம். 1857-இன் கலகத்தீ வடக்கே அப்போதுதான் அணைந்துகொண்டிருந்தது, அயர்லாந்தில் பிரிட்டிஷார் நிறுவியிருந்த கட்டுப்பாடான ஆயுதப் போலீஸ் அவர்கள் கண்முன் மாதிரியாக நின்றது.

பிரித்ததும் முழுமையான பிரிவினை ஆகவில்லை. 1861-இல் இந்தியா முழுமைக்குமாக எழுதப்பட்ட போலீஸ் சட்டம், ஜில்லாப் போலீஸ் சூப்பிரண்டெண்டை ஜில்லா மாஜிஸ்திரேட்டின் பொதுவான மேலாதிக்கத்தின்கீழ் வைத்தது. ஜில்லா மாஜிஸ்திரேட் யார் என்றால், அவரே கலெக்டர். கீழ்ப்படியில் தாசில்தாரிடமிருந்து பறித்த பிரம்பை மேற்படியில் அவருடைய எஜமானரின் மேஜைமேல் பத்திரமாக வைத்துவிட்டார்கள். பொதுக்கூட்டங்களையும் ஊர்வலங்களையும் முறைப்படுத்தவும், அவற்றுக்கு உரிமச்சீட்டு கேட்கவும் போலீஸாருக்கு அதிகாரம் தரும் முப்பதாம் பிரிவு அந்த 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது. நம் ஜில்லாக்களில் ஏதேனும் பதற்றம் தலைகாட்டியதும் ‘30(2) அமல்’ என்று தினசரிகளில் வெளியாகும் அறிவிப்பு அதன் வாரிசே. ஐந்து பேருக்குக் குறையாத கூட்டம் எப்போது சட்டவிரோதமாகிறது என்பதை மெக்காலேயின் தண்டனைச் சட்டம் 1860-இல் வரையறுத்தது. ஆபத்து வருமென்று மாஜிஸ்திரேட் கருதினால் முன்கூட்டியே தடைபோடும் அதிகாரம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பல பதிப்புகளில் எண் மாறி மாறி, 144 என்ற எண்ணில் வந்து நிலைபெற்றது.

மறுபுறத்தில், தெருவில் ஊர்வலம் போகும் உரிமைக்கு ஒரு சட்ட சரித்திரம் உண்டு. அதுவும் பெரும்பாலும் நம் சென்னை ராஜதானியிலேயே உருவாயிற்று. அதை உருவாக்கியவர்கள் அரசியல்வாதிகள் அல்லர்; கோயில் வாசலில் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டி நின்ற பக்தர்கள். எந்தச் சமயப் பிரிவினரும் பொதுத்தெருவில் ஊர்வலம் செல்ல உரிமையுடையவர். பிறர் அந்தத் தெருவைச் சாதாரணமாகப் பயன்படுத்துவதற்கு இடையூறு செய்யலாகாது. நெரிசலையும் கலகத்தையும் தடுக்க மாஜிஸ்திரேட் நியாயமாக இடும் உத்தரவுக்குக் கட்டுப்படவேண்டும் என்று 1882-இல் அய்யங்கார் கட்சிகளுக்கிடையே எழுந்த வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாற்பது ஆண்டுகளுக்குப்பின், வடநாட்டு முஹரம் ஊர்வலம் பற்றிய வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சிலும் இந்தச் சென்னைத் தீர்ப்புகளின் வழியையே பின்பற்றியது. தெரு எல்லாருக்கும் பொது. ஒழுங்குபடுத்துவது வேறு, ஒழித்துவிடுவது வேறு என்ற பேதம் இவ்விதமாகச் சட்டத்தில் நிலைபெற்றது.

எல்லாருக்கும் பொது என்று நான் எழுதியதை அக்காலத்துச் சேரிக்காரர் ஒருவர் படித்திருந்தால் சிரித்திருப்பார். உற்சவ மூர்த்தி எந்தத் தெரு வழியே போகவேண்டும் என்பதற்கு உயர் நீதிமன்றம் வரை வழக்காடிய அதே காலத்தில், அந்தத் தெருவில் தனி ஆளாக நடப்பதற்கே அவருக்கு வழியில்லை. எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பினரும் நடக்கத் தடையில்லை என்ற தீர்மானத்தை ஆர். வீரையன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924-இல். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்து, 1893-இல் ‘பறையன்’ பத்திரிகையை நடத்தத் தொடங்கி, பிற்காலத்தில் அம்பேத்கரோடு வட்டமேஜை மாநாட்டில் அமர்ந்த இரட்டைமலை சீனிவாசன் அந்நாளில் அச்சபையின் அங்கத்தினர். இந்த ஜில்லா ஈன்ற மனிதர்களுள் அவரைப்பற்றித் தனியே ஒரு பகுதி எழுதவேண்டும் என்ற எண்ணம் உண்டு. இங்கே ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வோம்: ஒரு சாராருக்கு ஊர்வல உரிமை சட்டமாகி நாற்பத்திரண்டு வருஷம் கழித்தே இன்னொரு சாராருக்குத் தெருவில் கால் வைக்கும் உரிமை எழுத்தில் வந்தது.

இனிக் கலெக்டரின் குறிப்புக்கு வருவோம். 1891-இல் செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் ஜேம்ஸ் ஹென்றி ட்ரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர். ஜில்லாவின் தலைமைக் கச்சேரி அப்போது சைதாப்பேட்டையில் இருந்தது. செங்கற்பட்டுப் பகுதியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரிமார் சேரிகளின் நிலையைப்பற்றிச் சர்க்காருக்கு எழுதிக்கொண்டேயிருந்த சமயம் அது. அவ்வாண்டு அக்டோபரில் ட்ரமென்ஹீர் வருவாய் வாரியத்துக்கு அனுப்பிய குறிப்பு, ‘செங்கற்பட்டுப் பறையர்கள்’ என்ற விஷயத்தைப் பற்றியது; அதிகாரி ஒருவர் தம் மேலதிகாரிகளுக்கு எழுதும் காகிதத்தில் அத்தனை வெளிப்படையான பேச்சு அபூர்வம். பண்ணையாளின் கடன் எப்படி அவன் மகனுக்கும் பேரனுக்கும் இறங்குகிறது, குடிசை நிற்கும் மனை மிராசுதாருடையது என்பதால் வாய் திறந்தவனின் கூரை எப்படிப் பிரிக்கப்படுகிறது, தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து கொடுத்தால் மிராசுதாருக்கு முன்னுரிமை என்ற விதி எப்படிக் குறுக்கே வந்து நிற்கிறது என்பனவற்றை அவர் வரிசையாக எடுத்துரைத்தார்.

தர்க்காஸ்து விவகாரத்தைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். ஊரில் வருஷக்கணக்காகக் கட்டாந்தரையாகக் கிடக்கும் ஒரு துண்டு நிலத்தை உழுது கொள்கிறேன், தீர்வை கட்டுகிறேன் என்று ஒரு பண்ணையாள் எப்படியோ காகிதம் எழுதுவித்துத் தாசில்தாருக்குக் கொடுக்கிறான். காகிதம் ஊர்க் கர்ணத்திடம் திரும்பி வருகிறது. கர்ணம் மிராசுதாரைக் கேட்கிறார். அதுவரை அந்த நிலத்தைத் திரும்பியும் பாராத மிராசுதார், எனக்கே வேண்டும் என்கிறார். விதிப்படி நிலம் அவருக்குப் போகிறது. மறுவருஷம் அது மீண்டும் கட்டாந்தரையாகக் கிடக்கிறது. மனுப் போட்டவனுக்கோ அன்றுமுதல் அந்த ஊரில் கூலி இல்லை. ஒரு மனுவுக்கு இத்தனை விலை கொடுக்கவேண்டியிருந்த இடத்தில், நூறு வருஷம் கழித்து அவன் வம்சத்தார் மனுவோடு நில்லாமல் கூட்டமாகச் சேர்ந்து கேட்டார்கள் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வருவாய் வாரியத்தார் முகம் சுளித்தாலும், 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி சென்னை சர்க்கார் 1010 என்ற எண்ணிட்ட உத்தரவைப் பிறப்பித்தது. பஞ்சமர் என்று அக்காலம் குறிப்பிட்ட வகுப்பினருக்குச் சர்க்கார் தரிசை ஒதுக்கித் தருவது. பெற்றவர் முதற் பத்தாண்டுகளுக்கு அதை விற்கவோ, தானம் கொடுக்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னும் தம் வகுப்பாரைத் தவிர வேறு எவருக்கும் கைமாற்றலாகாது. மீறினால் சர்க்கார் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்த நிலங்களின் நிபந்தனை. பஞ்சமி நிலம் என்றும், பதிவேட்டு வழக்கில் ‘டி.சி. நிலம்’ என்றும் இன்று வழங்குவது இதுவே. ராஜதானி முழுவதிலும் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் இவ்விதம் ஒதுக்கப்பட்டது என்பது நில மீட்பு இயக்கத்தார் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு.

நிபந்தனை காகிதத்தில் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் கடன், பஞ்சம், மருத்துவச் செலவு, எழுத்தறியாமை, வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு என்ற பல வாசல்களின் வழியே நிலம் வெளியேறியது. 1980-இல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டதும், அதையொட்டிய ஆண்டுகளில் ‘யு.டி.ஆர்.’ என்ற பெயரில் நிலப்பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்ததும் எல்லாரும் அறிந்தவை. அந்தப் புதுப்பித்தலில், பழைய ‘அ’ பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு எதிரே நின்ற நிபந்தனைக் குறிப்பு பல இடங்களில் புதிய ஏட்டுக்கு வந்து சேரவே இல்லை என்பது இவ்விஷயத்தில் உழைத்தவர்கள் எல்லாரும் சொல்லும் குற்றச்சாட்டு. அனுபவம் யாரிடம் இருந்ததோ அவர் பெயரில் பட்டா ஏறியது.

இந்தச் சமயத்தில்தான் கடற்கரையின் யோகம் மாறியது. திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட நாடு, பனையும் சவுக்கும் பக்கிங்காம் கால்வாயும் உப்பளமுமாக, மழை பொய்த்தால் கம்பும் கேழ்வரகுமே கதியென்று கிடந்த நாடு. சென்னை தெற்கே பெருகப் பெருக, கடற்கரைச் சாலையை விரிவாக்கும் பேச்சு எழ எழ, சோழமண்டலக் கரையின் அலையோசைக்கு விலை ஏற்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் மனை வியாபாரிகள் வராத கிராமம் இல்லை. நூறு ஆண்டுகளாக எவரும் ஏறெடுத்துப் பாராத மேட்டு நிலத்தின் சர்வே எண்களைப் பட்டணத்துக்காரர் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினர்.

மாமல்லபுரத்தை அடுத்த காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலமும் உரியவர் கையைவிட்டுப் போயிருந்தது. அதைப் பழைய பதிவேடுகளைக்கொண்டு கண்டறிந்த ஊர்த் தலித் மக்கள், 1994-இல் அந்த நிலத்தில் குடிசைகளைப் போட்டு, அம்பேத்கர் சிலை ஒன்றையும் நிறுவினார்கள். சேசு சபையைச் சேர்ந்த பாதிரியார் ஏசுமரியான் உள்ளிட்ட உரிமைப் பணியாளர்கள் இந்த வட்டாரத்தில் நில உரிமைபற்றி மக்களிடம் பேசிவந்த காலம் அது. நிலத்தில் சிலை வைப்பதென்பது நம் கிராமங்களில் வெறும் பக்திச் செயல் அன்று என்பதை யாவரும் அறிவர். எல்லைக்கல் நடுவதைப் போன்ற ஒரு பிரகடனம் அது. அதிகாரிகளும் அதை அவ்வாறே புரிந்துகொண்டார்கள் போலும், சிலை அகற்றப்பட்டது. பட்டாவின் செல்லுபடியை விசாரிக்கவேண்டிய இடத்துக்கு வருவாய் அதிகாரியின் நோட்டீஸ் முதலில் வராமல், போலீஸ் வண்டி முதலில் வந்தது என்பதுதான் காரணை விவகாரத்தின் ஆணிவேர் என்று நான் கருதுகிறேன்.

சிலையை அகற்றியதைக் கண்டித்தும், நிலத்தை மீட்டுத்தரக் கோரியும் மக்கள் அக்டோபர் 10-ஆம் தேதி செங்கற்பட்டில் திரண்டார்கள். செங்கற்பட்டு கூட்டத்தைக் காணாத ஊர் அன்று. 1929 பிப்ரவரியில் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தார் தங்கள் முதலாவது மாகாண மாநாட்டை அங்கே கூட்டினார்கள், ஊ. பு. அ. சவுந்தரபாண்டியன் தலைமை தாங்க, ராஜதானியின் முதல் மந்திரியான டாக்டர் சுப்பராயன் அதைத் திறந்துவைத்தார். பெயருக்குப்பின் சாதிப் பட்டத்தை விடுவதென்றும், பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்றும் அக்காலத்துக்கு இடிபோன்ற தீர்மானங்கள் நிறைவேறின. சனாதனிகள் கொதித்தார்களே தவிர, பொது அமைதி குலைந்துவிட்டதாக எந்த மாஜிஸ்திரேட்டும் எழுதவில்லை. மந்திரியே திறந்துவைத்த கூட்டத்தைக் கலைக்க எவர் துணிவார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, விடையும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

1994-இல் திரண்டவர்களுக்கு அத்தகைய கைத்தாங்கல் இல்லை. போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அன்று ஜெயலலிதா அவர்களின் ஆட்சி. ஜில்லாவின் பெயர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், அதன் தலைநகர் காஞ்சிபுரம். அவ்விருவரின் மரணத்துக்குப் பிறகே, அதுவரை சில ஆர்வலர்களும் சில பழைய பதிவேடுகளும் மட்டுமே அறிந்திருந்த பஞ்சமி நிலம் என்ற விஷயம் தமிழகம் முழுவதும் அரசியல் கோரிக்கையாகப் பரவிற்று. ஆண்டுதோறும் அக்டோபர் 10-இல் தலித் இயக்கத்தார் காரணைக்கு வந்து அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

சட்டம் அன்று என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். தண்டனைச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு, வன்முறைப் பிரயோகத்தால் சொத்தைக் கைப்பற்றவோ ஓர் உரிமையை நிலைநாட்டவோ ஐந்து பேருக்குக் குறையாமல் கூடினால் அதைச் சட்டவிரோதக் கூட்டம் என்றது. கவனிக்கவும்: உரிமை கேட்டுக் கூடுவது குற்றமன்று, பலாத்காரத்தால் அதை அடைய முயல்வதே குற்றம். காரணை நிலத்தில் குடிசை போட்டதை அத்துமீறல் என்று ஒரு வக்கீல் வாதாடலாம். அதற்கு எதிராக, நிபந்தனையை மீறிய கிரயமே செல்லாது என்று இன்னொரு வக்கீல் வாதாடலாம். இருவரும் வாதாட நியாயஸ்தலம் உண்டு. ஆனால் பல மைல் தள்ளி, செங்கற்பட்டு நகரத் தெருவில் முறையிட வந்தவர்கள் எந்த நிலத்தையும் கைப்பற்றவில்லை. நிலத்தின்மேல் இருந்த தாவாவின் நிழல் தெருவிலும் நீண்டு, வந்தவர்கள் யாவரையும் குற்றவாளிகளாகக் காட்டிவிட்டது.

கூட்டத்தைக் கலைக்கும் முறையோ 1973-ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தில் 129 முதல் 132 வரையிலான பிரிவுகளில் இருந்தது. நிர்வாக மாஜிஸ்திரேட் அல்லது போலீஸ் நிலைய அதிகாரி முதலில் கலையுமாறு உத்தரவிடவேண்டும். கேளாவிட்டால் பலத்தைப் பிரயோகிக்கலாம். இதில் ஒரு வினோதம். ராணுவத்தைத் துணைக்கு அழைக்கும் 130-ஆம் பிரிவில், இயன்றவரை குறைந்த பலத்தையே உபயோகிக்கவேண்டும், உடலுக்கும் உடைமைக்கும் இயன்றவரை குறைந்த சேதமே விளைவிக்கவேண்டும் என்று சட்டம் வெளிப்படையாக எழுதியிருந்தது. போலீஸுக்கு அதிகாரம் தந்த 129-இல் அந்த வாசகம் இருக்கவில்லை. அது போலீஸ் நிலையாணைகளில், எச்சரிக்கை செய்யவேண்டும், தாழக் குறிவைக்கவேண்டும், கூட்டம் கலையத் தொடங்கியதும் சுடுவதை நிறுத்தவேண்டும் என்ற வடிவில் இலாகாவின் உள்விதியாக இருக்கிறது. நல்ல விதிகள், ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ளதற்கும் இலாகாக் கையேட்டில் உள்ளதற்கும், மீறியவனை விசாரிக்கும் நாளில், வித்தியாசம் பெரிது. 132-ஆம் பிரிவோ, சர்க்காரின் அனுமதியின்றி அத்தகைய அதிகாரிமேல் வழக்கே தொடுக்கலாகாது என்றது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்துள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும் எண்கள் 148, 149 என்று மாறினவேயன்றி இந்த அமைப்பு மாறவில்லை.

அரசியல் சாசனம் இதற்கு மேலானது. ஆயுதமின்றிச் சமாதானமாகக் கூடும் உரிமையை 19-ஆம் ஷரத்து வழங்குகிறது. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆர்ப்பாட்டமும் ஒருவிதக் கருத்து வெளிப்பாடே என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 144-ஐ ரத்து செய்ய மறுத்தபோதிலும், அவசரமும் உண்மையான ஆபத்தும் இருந்தாலன்றி அதைப் பயன்படுத்தலாகாது என்று மது லிமாயே வழக்கில் 1970-இல் ஏழு நீதிபதிகள் எல்லை வகுத்தார்கள். 1972-இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில், பொதுத்தெருவில் கூட்டமே கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் வண்ணம் வரம்பற்ற அதிகாரத்தைப் போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைத்த குஜராத் விதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. கோயில் ஊர்வலங்களுக்காக ராஜதானிக் காலத்தில் எழுதப்பட்ட நியாயம் இவ்வாறு குடியரசின் பொதுக்கூட்டத்துக்கும் உரியதாயிற்று. காரணை மக்கள் செங்கற்பட்டுக்கு வந்தபோது இத்தீர்ப்புகள் யாவும் புத்தகத்தில் இருந்தன. தீர்ப்பு நீதிமன்ற நூலகத்தில் இருக்கிறது. தெருவில் இருப்பவர் சப்-இன்ஸ்பெக்டர்.

இதன் பின்னும் அதே காட்சி வேறு அரங்குகளில் நடந்தது. 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலமாகப் போனவர்கள் தடியடிக்கு உள்ளாகி, தாமிரபரணியில் பதினேழு பேர் மாண்டார்கள். அதுவும் கூலியைப் பற்றிய விஷயம். தீர்க்கவேண்டியது தொழில் இலாகா. 2011-இல் பரமக்குடியிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு. 2018 மே 22-இல் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையின் புகையையும் நீரையும் பற்றி முறையிடக் கலெக்டர் ஆபீஸை நோக்கி நடந்தவர்கள்மேல் துப்பாக்கிப் பிரயோகம். அந்நாளிலும் மறுநாளிலுமாகப் பதின்மூன்று பேர் மரணம்.

தூத்துக்குடி விவகாரத்தில் ஓர் அம்சம் நம் கதைக்கு நேரடியாக உரியது. அன்று சுடுவதற்கான உத்தரவில் கையெழுத்திட்டவர்களாகப் போலீஸ் ஆவணங்கள் காட்டியவர்கள் துணைத் தாசில்தார்கள். நிலவரியும் வாரிசுச் சான்றிதழும் பார்க்கும் மேஜையிலிருந்து எழுந்து வந்தவர்கள், நிர்வாக மாஜிஸ்திரேட் என்ற மற்றொரு தொப்பியை அணிந்ததால் அந்த அதிகாரம் அவர்களுக்கு வந்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் அத்துப்பாக்கிச் சூட்டை அத்துமீறல் என்றே கண்டு, போலீஸார்மேல் மட்டுமன்றி வருவாய் அதிகாரிகள்மேலும் நடவடிக்கை வேண்டுமென்று 2022-இல் வெளியான அறிக்கையில் பரிந்துரைத்தது. 1855-இல் கமிஷன் விசாரித்தது தாசில்தாரின் பிரம்பை. 2018-க்குப்பின் கமிஷன் விசாரித்ததும் வருவாய் இலாகாவின் கையெழுத்தை.

ட்ரமென்ஹீரும் ஜில்லா மாஜிஸ்திரேட்டாகவே இருந்தார் என்பதை இங்கே நினைக்காமல் இருக்கமுடியாது. தம் மேஜைக்கு வந்த முறையீட்டை அமைதிக் குலைவு என்ற தலைப்பில் போடுவதா, நில விவகாரம் என்ற தலைப்பில் போடுவதா என்ற தேர்வு அவர் கையிலும் இருந்தது. மிராசுதார்கள் எந்தத் தலைப்பை விரும்பியிருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. அவர் தம் பேனாவை எடுத்துக்கொண்டு சேரிகளின் மனைக்கணக்கை எழுத உட்கார்ந்தார்.

துப்பாக்கிச் சூடுகளுக்குப்பின் அமைக்கப்படும் விசாரணைக் கமிஷன்களுக்கு 1952-ஆம் ஆண்டின் சட்டம் என்ன அதிகாரம் தருகிறது, அவற்றின் அறிக்கைகள் சட்டசபை மேஜைக்கு வந்தபின் எங்கே போகின்றன, 2019-இல் மீண்டும் தனி ஜில்லாவாகிய செங்கற்பட்டில் பஞ்சமி நிலத்தின் பதிவேடுகள் இன்று எந்நிலையில் உள்ளன என்பனவற்றை அடுத்த பகுதியில் காண்போம்.

(தொடரும்)